வெற்றிடப் பிளாஸ்மா எட்சிங் கருவியைப் பாதுகாப்பாக இயக்குவது எப்படி: கூலிம் வட்டார ஆய்வகங்களுக்கு முழுமையான வழிகாட்டி

கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறக்கப்பட்டது. பாடாங் செராய், லூனாஸ் பக்கத்தில் பால்மரம் சீவிய குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று வேஃபரை (சிப் செய்யப் பயன்படும் மெல்லிய சிலிக்கான் வில்லை) கையில் எடுக்கும் வேலையில் இருக்கிறார்கள். மலேசியாவில் ஆபத்தான ரசாயனங்களுக்கான பாதுகாப்புத் தகவல் தாள் தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் ‘கிளாஸ்’ விதிமுறை சொல்கிறது. தமிழில் கொடுக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. அந்தத் தாளையும் கருவித் தயாரிப்பாளரின் கையேட்டையும் படிப்பதற்கு இந்த வழிகாட்டி மாற்று அல்ல. அவற்றில் உள்ள ஒவ்வொரு கட்டளைக்கும் பின்னால் இருக்கும் காரணத்தைத் தமிழில் விளக்குவதற்கே இது.

மின்சாரத்தால் ஒளிரும் வாயுவான பிளாஸ்மாவைக் கொண்டு வேஃபரின் மேற்பரப்பை அரித்துச் செதுக்குவதே எட்சிங். இங்கே பேசுவது பயிற்சிக் கூடங்களிலும் சிறு ஆய்வகங்களிலும் காணப்படும் இணைத்தட்டு வகைக் கருவியைப் பற்றி. சுமார் 20 லிட்டர் சேம்பர் (வெற்றிட அறை), 13.56 மெகாஹெர்ட்ஸில் 300 வாட் வரை கொடுக்கும் ஆர்எஃப் (ரேடியோ அலைவெண் மின்சாரம்) ஜெனரேட்டர், அந்தப் பவர் திரும்பி வராமல் பிளாஸ்மாவுக்குப் போகச் செய்யும் மேட்சிங் பாக்ஸ், எண்ணெய் ரோட்டரி பம்ப், சிலவற்றில் கூடுதலாக அதிவேகமாகச் சுழலும் ஒரு டர்போ பம்ப் ஆகியவை இருக்கும். வாயுக்கள்: கார்பன் டெட்ராஃபுளோரைடு, டிரைஃபுளோரோமீத்தேன், சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு, ஆக்சிஜன், ஆர்கான், நைட்ரஜன். குளோரின், போரான் டிரைகுளோரைடு ஆகியவற்றை இந்த அளவுக் கருவியில் ஓட்டக் கூடாது. அவற்றுக்கு மூடிய வாயு அலமாரி, கசிவு உணர்கருவி, கழிவுவாயுவைக் கழுவும் ஸ்க்ரப்பர், சேம்பரைத் திறக்காமல் வேஃபரை ஏற்றும் முன்னறையான லோடு லாக் நான்கும் வேண்டும்.

புதிதாக வருபவர்கள் பயப்படுவது ஜன்னலுக்குள் ஒளிரும் பிளாஸ்மாவைப் பார்த்துத்தான். அது உலோகச் சுவருக்குள் அடைபட்டது; கருவி ஒழுங்காக மூடியிருக்கும் வரை அதனால் உங்களுக்குத் தீங்கு இல்லை. ஒளி அணைந்த பிறகு மூடியைத் திறக்கும் நிமிடங்கள், பம்ப் எண்ணெய், ஆர்எஃப் பெட்டி, சிலிண்டர் ஆகியவைதான் ஆளைக் காயப்படுத்தும் இடங்கள். அவற்றுக்கே இங்கே அதிக இடம்.

முதலில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு

ஃபுளோரின் கொண்ட வாயு பிளாஸ்மாவில் உடையும்போது ஃபுளோரின் அணுக்கள், சிலிக்கான் டெட்ராஃபுளோரைடு, கார்பனைல் ஃபுளோரைடு போன்றவை உண்டாகின்றன. இவை ஈரத்தைத் தொட்டால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு பிறக்கும். கார்பனைல் ஃபுளோரைடின் ஒரு மூலக்கூறும் நீரின் ஒரு மூலக்கூறும் சேர்ந்தால் கார்பன் டையாக்சைடும் இரண்டு ஹைட்ரஜன் ஃபுளோரைடு மூலக்கூறுகளும் கிடைக்கும். செம்பனைக் காடு சூழ்ந்த நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. அதனால் அவசரமாகத் திறந்த சேம்பர், உலர்ந்த நாட்டில் இருப்பதைவிட இங்கே இன்னும் மோசமாக நடந்துகொள்ளும்.

ஹைட்ரஜன் ஃபுளோரைடு நீரில் கரைந்தால் அதுவே ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். இந்த அமிலம் தோலில் சாதாரண எரிச்சலோடு நிற்பதில்லை. உள்ளே ஊடுருவி உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். 20 சதவீதத்துக்குக் குறைந்த கரைசல் பட்டால் வலி தெரியவே 24 மணி நேரம்வரை ஆகலாம். வலிக்கவில்லை என்பதற்காக யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது.

கருவி இருக்கும் அறையில் 2.5 சதவீதக் கால்சியம் குளுகோனேட் ஜெல் இருக்க வேண்டும். பூட்டிய அலமாரியில் வைக்காதீர்கள். காலாவதித் தேதியை மாதம் ஒருமுறை பாருங்கள். தோலில் பட்டால் செய்ய வேண்டியது:

1. பட்ட உடுப்பைக் கழற்றிக்கொண்டே ஓடும் நீரில் 5 நிமிடம் கழுவுங்கள். ஜெல் கையில் இல்லையென்றால் அது வரும்வரை கழுவுவதை நிறுத்தாதீர்கள்.
2. கையுறை போட்ட கையால் ஜெல்லைத் தேய்த்துவிட்டுக்கொண்டே இருங்கள். உதவி செய்பவரும் கையுறை போட்டிருக்க வேண்டும்.
3. 999ஐ அழையுங்கள். “ஹைட்ரோஃபுளோரிக் அமிலம்” என்ற சொல்லை முதலிலேயே சொல்லுங்கள். வெறும் ‘ஆசிட்’ என்று சொன்னால் மருத்துவமனை வேறு சிகிச்சைக்குத் தயாராகும்.
4. பாதுகாப்புத் தகவல் தாளின் ஒரு நகலை நோயாளியுடன் அனுப்புங்கள்.

கண்ணில் பட்டால் ஜெல் போடக் கூடாது. இமையை விரித்து 15 நிமிடம் நீரில் கழுவியபடியே ஆம்புலன்ஸை வரவழையுங்கள். மூச்சில் போயிருந்தால் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து உட்கார வையுங்கள். ஆள் தெளிவாகப் பேசினாலும் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும், ஏனெனில் நுரையீரலில் நீர் கோப்பது பல மணி நேரம் கழித்தும் நடக்கும்.

சிலிண்டர்கள்

சிலிண்டரைத் தரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் சங்கிலியால் சுவரோடு கட்டுங்கள். மூடி போடாமல் உருட்டிக்கொண்டு போகாதீர்கள்.

ஒவ்வொரு வாயுவும் சிலிண்டருக்குள் வேறு மாதிரி இருக்கும். கார்பன் டெட்ராஃபுளோரைடு நம் வெப்பநிலையில் முழுக்க வாயு. அளவி காட்டும் அழுத்தம் குறையக் குறைய மிச்சமும் குறைகிறது. சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு திரவமாக அடைக்கப்பட்டது. 20 பாகை செல்சியஸில் சுமார் 21 பார் காட்டும், கடைசித் துளித் திரவம் தீரும்வரை ஏறக்குறைய அதையே காட்டும். எவ்வளவு மிச்சம் என்று தெரிய வேண்டுமானால் எடை போடுவது ஒன்றே வழி. டிரைஃபுளோரோமீத்தேனின் மாறுநிலை வெப்பம் சுமார் 26 பாகை. குளிரூட்டி ஓடும் அறையில் அது திரவமும் வாயுவுமாக இருக்கும். வார இறுதியில் குளிரூட்டியை நிறுத்தி அறை 30 பாகையைத் தொட்டால் திரவம் என்ற ஒன்றே இருக்காது, அழுத்தமும் ஏறியிருக்கும். திங்கட்கிழமை காலை அளவி அதிகம் காட்டினால் யாரோ சிலிண்டரை மாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம்.

சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு காற்றைப் போல் ஐந்து மடங்கு கனம். கார்பன் டெட்ராஃபுளோரைடு மூன்று மடங்கு. கசிந்தால் தரையிலும் பள்ளத்திலும் தேங்கி மூச்சுக் காற்றை இடம்பெயர்க்கும். மணமும் கிடையாது. ஆக்சிஜன் அளவு 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால் ஒலிக்கும் எச்சரிக்கைக் கருவி ஒன்று முழங்கால் உயரத்தில் இருக்கட்டும். நைட்ரஜன் குழாய்க்குப் பக்கத்தில் முக உயரத்தில் இன்னொன்று தேவை.

ஆக்சிஜன் ரெகுலேட்டரில் எண்ணெயோ கிரீஸோ படக் கூடாது. வால்வைச் சட்டென்று திறந்தால் குழாய்க்குள் காற்று அமுங்கிச் சூடேறி, ஒட்டியிருக்கும் துளி எண்ணெய் தீப்பிடிக்கும். முகத்தை ரெகுலேட்டருக்கு நேராக வைக்காமல், பக்கத்தில் நின்று மெதுவாகத் திறங்கள்.

பம்ப்: எண்ணெயைப் பார்க்காமல் சுவிட்சைத் தொடாதீர்கள்

பம்புக்குள் போகும் வாயுவில் ஆக்சிஜன் 25 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண மினரல் எண்ணெய் வெடிக்கும் ஆபத்து உண்டு. ரெசிஸ்ட் (அரிக்கக் கூடாத இடத்தை மூடும் பூச்சு) நீக்கும்போது பம்புக்குள் போவது ஏறக்குறைய முழு ஆக்சிஜன்தான். அதனால் இந்தக் கருவிக்குப் பெர்ஃபுளோரோபாலிஈதர் எண்ணெய் கட்டாயம். விலை மிக அதிகம் என்பதால் “டாப் அப் மட்டும் சாதா எண்ணெயில்” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இரண்டும் கலக்காது, தனித்தனி அடுக்காக நிற்கும், அதில் மினரல் எண்ணெய் அடுக்கு ஆக்சிஜனைச் சந்திக்கும். பழைய பம்பை ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாற்றுவதானால் முழுக்கப் பிரித்துக் கழுவித்தான் மாற்ற வேண்டும். அதைப் பம்ப் சர்வீஸ் ஆளிடம் விடுங்கள்.

பாத்திரத்தைத் தூக்குவதற்கு முன் நினைவில் வையுங்கள்: இந்த எண்ணெய் ஒரு லிட்டர் ஏறத்தாழ 1.9 கிலோ.

சுமார் 290 பாகைக்கு மேல் சூடானால் இந்த எண்ணெயே உடைந்து நச்சு வாயுக்களை விடும். பம்ப் அந்தச் சூட்டுக்குப் போகாது, ஆனால் சிகரெட்டின் நுனி போகும். எண்ணெய் பட்ட கையால் சிகரெட்டைத் தொட்டுப் புகைப்பவருக்குக் காய்ச்சலும் மூச்சுத் திணறலும் வரும். பம்ப் வேலை முடிந்து சோப்பால் கை கழுவிய பிறகே இடைவேளை.

தினமும் பார்க்க வேண்டியவை: எண்ணெய் மட்டம் இரு கோட்டுக்கும் நடுவில் இருக்கிறதா, நிறம் தெளிவாக இருக்கிறதா (பால் போல் வெளுத்தால் நீர் புகுந்திருக்கிறது, பழுப்பேறினால் ரெசிஸ்ட் கழிவு), நைட்ரஜன் பலாஸ்ட் (பம்புக்குள் சிறிதளவு விடும் நைட்ரஜன்) ஓடுகிறதா. பலாஸ்ட் எண்ணெயில் கரைந்த ஆவியையும் அமிலத்தையும் வெளியே தள்ளும், ஆக்சிஜனையும் நீர்க்கச் செய்யும். காற்றை பலாஸ்ட்டாக விடாதீர்கள். நம் ஊர்க் காற்று பம்புக்குள் நீரைத்தான் கொண்டுபோகும்.

பம்பின் வெளியேற்றுக் குழாய் கட்டாயம் எக்ஸாஸ்ட் டக்டில் சேர வேண்டும். ஜன்னலுக்கு வெளியே நீட்டிவிட்ட குழாய் போதாது. குழாய் பம்பிலிருந்து விலகிக் கீழ்நோக்கிச் சரிந்து, தாழ்ந்த இடத்தில் ஒரு சேகரிப்புக் குடுவை இருக்கட்டும். இல்லையென்றால் ஈரக் காற்றில் திரளும் அமில நீர் பம்புக்கே திரும்பி வழியும். டக்டில் காற்றோட்டம் நின்றால் வாயு வால்வுகள் தாமாக மூடும் இன்டர்லாக் இருக்க வேண்டும். அதை மாதம் ஒருமுறை மின்விசிறியை நிறுத்திச் சோதியுங்கள்.

காலைச் சோதனை

1. எக்ஸாஸ்ட் மின்விசிறி, குளிர்நீர்ச் சில்லர், பம்ப் என்ற வரிசையில் தொடங்குங்கள். பம்ப் 30 நிமிடம் சூடாகட்டும். குளிர்ந்த எண்ணெயில் ஆவி கரைந்துவிடும்.

2. சில்லரை 20 பாகையில் வையுங்கள். அறை 22 பாகை, ஈரப்பதம் 55 சதவீதம் என்றால் பனிநிலை (காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) சுமார் 12.5 பாகை, பிரச்சினை இல்லை. குளிரூட்டி நின்று அறை 28 பாகை, 85 சதவீதம் ஆகிவிட்டால் பனிநிலை 25 பாகை. அப்போது மூடியைத் திறந்தால் 20 பாகை எலக்ட்ரோடு (சில்லர் குளிர்விக்கும், சாம்பிள் வைக்கும் தட்டு) வியர்க்கும். அந்த நீர்ப்படலம் வெற்றிடத்தை மணிக்கணக்கில் கெடுக்கும், மிச்சமுள்ள ஃபுளோரைடோடு சேர்ந்து அமிலமாகும். ஈரப்பதமானி அறையில் தொங்கட்டும்.

3. காலி சேம்பரைப் பம்ப் செய்யுங்கள். ரோட்டரி பம்ப் மட்டும் இருந்தால் 10 முதல் 20 மில்லிடார் வரை இறங்கினால் போதும் (டார் என்பது அழுத்த அலகு, மில்லிடார் அதில் ஆயிரத்தில் ஒன்று).

4. கசிவுச் சோதனை: பம்ப் வால்வை மூடி 5 நிமிடம் அழுத்தம் ஏறுவதை நிமிடத்துக்கு ஒருமுறை குறியுங்கள். 20 லிட்டர் சேம்பரில் நிமிடத்துக்கு 1 மில்லிடார் ஏறினால், உள்ளே வரும் காற்று சுமார் 0.026 எஸ்சிசிஎம் (நிமிடத்துக்கு எத்தனை கன சென்டிமீட்டர் வாயு என்ற அலகு), 50 எஸ்சிசிஎம் ரெசிபிக்கு (ஓட்டத்துக்கான வாயு, அழுத்தம், பவர் அளவுகள்) அது பொருட்டல்ல. நிமிடத்துக்கு 5 மில்லிடாரைத் தாண்டினால் ஓட்டாதீர்கள். ஏற்றம் நேர்கோடாகப் போனால் கசிவு. முதலில் வேகமாக ஏறிப் பிறகு தணிந்தால் சுவரில் ஒட்டிய நீர். நீர் என்றால் இன்னும் ஒரு மணி நேரம் பம்ப் செய்யலாம். கசிவு என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது மூடியின் ஓ-ரிங் (காற்றுப் புகாமல் அடைக்கும் வளையம்).

5. அழுத்தத்தைக் கட்டுப்படுத்த அதை அளந்து சொல்லும் கபாசிட்டன்ஸ் மானோமீட்டரின் பூஜ்யத்தைச் சரிபாருங்கள். வாயு வெப்பத்தைக் கடத்துவதை வைத்து அழுத்தம் காட்டும் பிரானி கேஜை நம்பி ரெசிபி ஓட்டாதீர்கள். அது வாயுவின் வகையைப் பொறுத்துக் காட்டும், ஆர்கானில் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும்.

6. அவசர நிறுத்தப் பொத்தான் எங்கே, அதை அழுத்தினால் எது நிற்கும், எது நிற்காது என்பதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஆர்எஃப்பும் வாயு வால்வும் நிற்க வேண்டும். எக்ஸாஸ்ட் விசிறி நிற்கக் கூடாது. உங்கள் ஆய்வகத்தில் விசிறியும் சேர்ந்து நின்றால் எலக்ட்ரீஷியனை அழைத்து வயரிங்கை மாற்றச் சொல்லுங்கள்.

சாம்பிளை வைப்பது

வழக்கமான செல்லோடேப், காகிதம், கார்பன் டேப் உள்ளே போகக் கூடாது. வெற்றிடத்தில் ஆவி விட்டுக்கொண்டே இருக்கும். பித்தளையும் கூடாது, அதிலுள்ள துத்தநாகம் ஆவியாகிச் சுவரில் படியும். ரெசிஸ்டை நன்றாகச் சுட்டுக் கரைப்பானை விரட்டிய பிறகே ஏற்றுங்கள்.

ஓ-ரிங்கையும் அது உட்காரும் பள்ளத்தையும் தூசு விடாத துணியால் துடையுங்கள். ஒரு முடி குறுக்கே கிடந்தாலும் கசியும். பார்வை ஜன்னலில் கீறல் இருக்கிறதா பாருங்கள். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஜன்னலை வெளிக்காற்று சுமார் 80 கிலோ எடையாக அழுத்துகிறது. 300 மில்லிமீட்டர் மூடியை 700 கிலோவுக்கு மேல். கீறல் விழுந்த கண்ணாடியை அன்றே மாற்றுங்கள். மூடி இறங்கும்போது விரல் விளிம்பில் இருக்கக் கூடாது.

ஓட்டும் வரிசை

வெற்றிடம், வாயு, ஆர்எஃப். இந்த வரிசை மாறக் கூடாது. நிறுத்தும்போது ஆர்எஃப், வாயு, பிறகு வெற்றிடத்தை விடுவது.

ஆரம்பப் பயிற்சிக்கு ஒரு ரெசிபி: கார்பன் டெட்ராஃபுளோரைடு 45 எஸ்சிசிஎம், ஆக்சிஜன் 5 எஸ்சிசிஎம், அழுத்தம் 100 மில்லிடார், 100 வாட். சிறிதளவு ஆக்சிஜன் கார்பனைப் பிடித்துக்கொண்டு போவதால் தனி ஃபுளோரின் அணுக்கள் கூடும், சிலிக்கான் வேகமாக அரிக்கும். ஆக்சிஜனை இன்னும் கூட்டினால் வேகம் மறுபடி குறையும், ரெசிஸ்டும் கரையும்.

வாயு ஓட்டமும் அழுத்தமும் ஒரு நிமிடம் நிலையாக இருந்த பிறகு ஆர்எஃப் கொடுங்கள். 30 வாட்டில் பற்ற வைத்து, ஒளி வந்ததும் 100க்கு உயர்த்துங்கள். 5 வினாடிக்குள் பற்றவில்லையென்றால் ஆர்எஃப்பை அணையுங்கள். வாட்டை ஏற்றிப் பற்றவைக்க முயல்வது மேட்சிங் பாக்ஸின் கபாசிட்டருக்குள் தீப்பொறியை வரவழைக்கும். அழுத்தத்தை 150 மில்லிடாருக்கு உயர்த்திப் பற்ற வைத்துவிட்டு மறுபடி 100க்கு இறக்குவதே சரியான வழி.

ஓடும்போது நான்கைக் கவனியுங்கள். ரிஃப்ளெக்டட் பவர் (பிளாஸ்மா ஏற்காமல் திரும்பி வருவது) அனுப்பும் பவரில் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். டிசி பயாஸ் (எலக்ட்ரோடில் தானாக உருவாகும் மின்னழுத்தம்) முன் ஓட்டங்களின் அளவை ஒட்டி இருக்க வேண்டும். அழுத்தம் ஆடக் கூடாது. நான்காவது, ஒளியின் நிறம். ஆக்சிஜன் மங்கிய வெளிர் நிறம், ஆர்கான் ஊதா, ஃபுளோரோகார்பன் நீலம் கலந்த வெள்ளை, நைட்ரஜன் இளஞ்சிவப்பு. கார்பன் டெட்ராஃபுளோரைடு ஓடும்போது ஒளியில் இளஞ்சிவப்பு கலந்தால் காற்று கசிகிறது. ஸ்பெக்ட்ரோமீட்டர் இருந்தால் 337 நானோமீட்டரில் நைட்ரஜன் கோடு அதை உறுதிசெய்யும். அதே கருவியில் 703.7 நானோமீட்டர் ஃபுளோரின் கோட்டைப் பின்தொடர்ந்தால், சிலிக்கான் அடுக்கு தீர்ந்ததும் செலவாகாத ஃபுளோரின் மிஞ்சி அந்தக் கோடு உயர்வதைக் காணலாம். கடிகாரத்தைவிட அதுவே முடிவை நன்றாகச் சொல்லும்.

ஜன்னலை வெறும் கண்ணால் நீண்ட நேரம் உற்றுப் பார்க்காதீர்கள். குவார்ட்ஸ் ஜன்னல் புற ஊதாக் கதிரை வெளியே விடும். புற ஊதா தடுக்கும் தகடும் ஆர்எஃப் கசிவைத் தடுக்கும் உலோக வலையும் இருக்க வேண்டும். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் மருத்துவரின் அனுமதி இல்லாமல் ஓடும் கருவியருகே வரக் கூடாது.

ஆர்எஃப் தீக்காயம் சாதாரண மின் அதிர்ச்சியைப் போல் உலுக்காது. சிறு வெள்ளைப் புள்ளிதான் தெரியும், எரிவு ஆழத்தில் இருக்கும். மேட்சிங் பாக்ஸ் மூடியின் திருகுகள் எல்லாம் போட்டிருக்க வேண்டும். இரண்டை மட்டும் போட்டுவிட்டு மிச்சத்தை மேசையில் வைக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அந்த இடைவெளி வழியாகத்தான் ஆர்எஃப் கசியும். எர்த் இணைப்பு அகலமான செம்புப் பட்டையாக இருக்கட்டும், ஏனெனில் 13.56 மெகாஹெர்ட்ஸில் மின்னோட்டம் செம்பின் மேற்பரப்பில் சுமார் 18 மைக்ரான் ஆழத்துக்குள் ஓடுகிறது. உருண்டைக் கம்பியின் உட்பகுதி வீண். மேட்சிங் பாக்ஸைத் திறப்பது பயிற்சி பெற்ற எலக்ட்ரீஷியனின் வேலை. பிரேக்கரை அணைத்துப் பூட்டு மாட்டி, பெயர் அட்டை தொங்கவிட்டு, கையேடு சொல்லும் நேரம் காத்திருந்து, எர்த் கோலால் தொட்ட பிறகே கை உள்ளே போக வேண்டும்.

ஒளி அணைந்த பிறகு

இந்தப் பகுதியைச் சுருக்க யாரும் அனுமதி கேட்கக் கூடாது, யாரும் கொடுக்கவும் கூடாது.

ஆர்எஃப்பை அணையுங்கள். வாயு வால்வுகளை மூடுங்கள். 2 நிமிடம் அடித்தள அழுத்தத்துக்குப் பம்ப் செய்யுங்கள். டர்போ இருந்தால் அதன் கேட் வால்வை மூடி ரோட்டரி பம்பை மட்டும் இணையுங்கள். நைட்ரஜனை 100 டார் வரை நிரப்பி, மறுபடி 0.1 டார் வரை இழுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் மிச்ச வாயு ஆயிரத்தில் ஒன்றாகிறது. கணக்குப்படி ஒரு சுற்றே போதும்போல் தோன்றும். ஆனால் சுவரிலும் ரெசிஸ்டிலும் ஒட்டியிருக்கும் ஃபுளோரைடு மெதுவாகத்தான் வெளியே வரும், அதனால் குறைந்தது மூன்று சுற்று, மொத்தம் 5 நிமிடத்துக்குக் குறையாமல். சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு ஓட்டியிருந்தால் ஐந்து சுற்று. அதன் சிதைவுப் பொருள்களில் தையோனில் ஃபுளோரைடு, டைசல்ஃபர் டெகாஃபுளோரைடு போன்ற கடும் நச்சுகள் உண்டு.

கடைசியாக நைட்ரஜனால் காற்றழுத்தத்துக்குக் கொண்டுவாருங்கள். நைட்ரஜன் ரெகுலேட்டர் 0.2 பாருக்கு மேல் போகக் கூடாது, மூடியின் கொக்கி விடுவிக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் மிகை அழுத்தம் ஜன்னலைத் தள்ளும். மூடியை 2 சென்டிமீட்டர் மட்டும் உயர்த்தி, உறிஞ்சு குழாயை விளிம்பருகே வைத்து ஒரு நிமிடம் விடுங்கள். பிறகு முழுதாகத் திறங்கள். கூர்மையான, தொண்டையைக் குத்தும் மணம் வந்தால் மூடியை இறக்கி, பம்பை இயக்கிவிட்டு அறையை விட்டு வெளியேறுங்கள். “கொஞ்சம் மணம் வழக்கம்தான்” என்பது தவறான பேச்சு.

சேம்பரைச் சுத்தம் செய்வது

டிரைஃபுளோரோமீத்தேன் ஓட்டும் கருவியில் பழுப்புப் பாலிமர் படலம் சேரும். முதலில் 20 நிமிடம் ஆக்சிஜன் பிளாஸ்மா ஓட்டுங்கள். பாதிக்கு மேல் எரிந்துவிடும். மிச்சத்தைக் கையால் துடைக்க இரட்டை நைட்ரைல் கையுறை, பக்கம் மூடிய கண்ணாடி, முழுக்கைக் கோட்டு அணியுங்கள். உலர்ந்த துணியால் தேய்த்துத் தூளைப் பறக்கவிடாதீர்கள். அயனி நீக்கிய நீரில் நனைத்த துணியால் முதலில், ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் பிறகு. ஈரத்துணி தொட்ட படிவு அமிலம் விடும் என்பதால் உறிஞ்சு குழாய் பக்கத்தில் ஓட வேண்டும், மேல் கையுறையைக் கிழிசல் இல்லாவிட்டாலும் 10 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலின் தீப்பற்று நிலை 12 பாகைதான். சூடான சேம்பரில் அதை ஊற்றாதீர்கள். துடைத்த பிறகு முழுக்க உலர்ந்து, அரை மணி நேரம் பம்ப் செய்யும் வரை ஆக்சிஜனும் ஆர்எஃப்பும் கூடாது.

மின்வெட்டும் இடியும்

ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் கெடாவின் தென்பகுதியில் மதியத்துக்குப் பிறகு இடிமழை சகஜம். நீண்ட எட்சிங்கைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். வானம் இருண்ட பிறகு 40 நிமிட ஓட்டத்தைத் தொடங்குவது புத்திசாலித்தனமல்ல.

மின்சாரம் போனால் எல்லா வாயு வால்வுகளும் தாமாக மூட வேண்டும். அவை அழுத்தக் காற்றால் திறப்பவை, காற்று நின்றால் மூடுபவை. வருடத்தில் இரண்டு முறை கம்ப்ரசரை நிறுத்திச் சோதியுங்கள். மின்சாரம் திரும்பியதும் ஜெனரேட்டர் தானாக உயிர் பெறக் கூடாது. ஆள் வந்து பொத்தானை அழுத்தினால்தான் தொடங்க வேண்டும். பம்பில் எண்ணெய் பின்வாங்காமல் தடுக்கும் வால்வு இல்லையென்றால், சேம்பருக்குள் எண்ணெய் இழுபட்டிருக்கலாம். மூடியைத் திறக்க அவசரப்படாமல் விசிறியும் பம்பும் ஓடத் தொடங்கிய பிறகு, மூன்று நைட்ரஜன் சுற்றையும் முதலிலிருந்து செய்யுங்கள். டர்போவை முழுச் சுழற்சியில் இருக்கும்போது காற்றுக்குத் திறந்தால் இறக்கைகள் சிதறும். அது நிற்கும்வரை பொறுங்கள்.

மழைக்காலத்தில் மின்பெட்டிக்குள் எறும்பும் பல்லியும் புகும். கேபிள் நுழையும் துளைகளை அடைத்து வையுங்கள்.

அடிக்கடி வரும் கோளாறுகள்

ரெசிஸ்ட் கருகிச் சுருங்கினால் வேஃபர் சூடாகியிருக்கிறது. பவரைக் குறையுங்கள், அல்லது 2 நிமிடம் ஓட்டி 1 நிமிடம் நிறுத்தி ஓட்டுங்கள். வேஃபருக்கும் எலக்ட்ரோடுக்கும் இடையே தூசு கிடந்தாலும் வெப்பம் இறங்காது.

சிலிக்கான் மேற்பரப்பு கறுத்து, உருப்பெருக்கியில் புல் முளைத்ததுபோல் ஊசிகள் தெரிந்தால், அலுமினியத் தட்டிலிருந்து தெறித்த துகள்கள் ஆங்காங்கே முகமூடியாக நின்றிருக்கின்றன. குவார்ட்ஸ் அல்லது சிலிக்கான் தாங்கிக்கு மாறுங்கள், சேம்பரைச் சுத்தம் செய்யுங்கள்.

ரிஃப்ளெக்டட் பவர் நாளுக்கு நாள் ஏறினால் மேட்சிங் பாக்ஸை உடனே குறை சொல்லாதீர்கள். எலக்ட்ரோடின் திருகு தளர்ந்திருக்கிறதா, எர்த் பட்டை துருப்பிடித்திருக்கிறதா பாருங்கள். நம் ஈரக்காற்றில் செம்புப் பட்டையின் முனை பச்சைபிடிப்பது பெரும்பாலும் முதல் காரணம்.

வாயு ஓட்டம் பூஜ்யம் காட்டியும் அழுத்தம் ஏறினால், வாயுவை அளந்து விடும் மாஸ் ஃப்ளோ கன்ட்ரோலர் முழுதாக மூடவில்லை. சிலிண்டர் வால்வை அடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். ஏற்றம் நின்றால் அதுதான் குற்றவாளி. சரிசெய்யும்வரை அந்த வாயுவைக் குழாய் முனையிலேயே மூடி வையுங்கள்.

கழிவு

பழைய பம்ப் எண்ணெயைச் சாக்கடையிலோ தோட்டத்து மண்ணிலோ ஊற்றுவது குற்றம். 2005ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிமுறையில் பயன்படுத்திய மசகெண்ணெயின் குறியீடு எஸ்டபிள்யூ 305, கழிவு பட்ட துணிக்கும் கையுறைக்கும் எஸ்டபிள்யூ 410. இரண்டையும் தனித்தனி மூடிய பிளாஸ்டிக் கலத்தில் சேருங்கள். ஃபுளோரைடு கண்ணாடியை அரிக்கும் என்பதால் கண்ணாடிப் புட்டி கூடாது. முதல் துளி விழுந்த தேதியைக் கலத்தின் மேல் எழுதுங்கள். 180 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர்தான் எடுக்க வேண்டும். எண்ணெய்க் கலத்தின் லேபிளில் “ஃபுளோரைடு கலந்தது” என்பதையும் சேர்த்து எழுதி, கீழே எண்ணெயின் வகையைக் குறித்து, எடுக்க வருபவரிடம் வாயாலும் சொல்லுங்கள்.